அழுத்தத்தின் விளைவு 4-ஆ, 2-ஆ, 12-ஆ, 30-ஆ? பல்காரணிச் சோதனையின் கெழுக்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: பசையாய்வு

அனைவருக்கும் வணக்கம். பசையால் ஒட்டிய இணைப்புகளின் வலிமையை அளக்கும் ஒரு சோதனையை முடித்துவிட்டு, அதன் முடிவுகளை எழுத முடியாமல் இரண்டு வாரமாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். காரணிகள் இரண்டு: வெப்பநிலை (60, 80 பாகை செல்சியஸ்), அழுத்தம் (2, 4 பார்). நான்கு சேர்க்கைகளையும் மும்மூன்று முறை செய்ததால் மொத்தம் 12 சோதனைகள். அவற்றின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். முறிவு விசை நியூட்டனில் பின்வருமாறு கிடைத்தது.

60 பாகை, 2 பார்: 41, 42, 37 (சராசரி 40)
80 பாகை, 2 பார்: 60, 61, 53 (சராசரி 58)
60 பாகை, 4 பார்: 51, 49, 56 (சராசரி 52)
80 பாகை, 4 பார்: 57, 54, 51 (சராசரி 54)

பாடத்தில் படித்தபடி, உயர்நிலைச் சராசரியிலிருந்து தாழ்நிலைச் சராசரியைக் கழித்தபோது அழுத்தத்தின் விளைவு 4 என்று வந்தது. மினிடாப் என்ற புள்ளியியல் மென்பொருள் அதே 4-ஐ விளைவு என்றும், பக்கத்திலேயே 2-ஐக் கெழு (சமன்பாட்டில் காரணியைப் பெருக்கும் எண்) என்றும் அச்சிட்டது. ஆர் மென்பொருளில் இரண்டையும் வகைக் காரணிகளாகக் கொடுத்தால் அழுத்தத்தின் கெழு 12 என்கிறது. வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எண்களாகவே கொடுத்தால் 30 என்கிறது. வெட்டுத்துண்டும் (சமன்பாட்டின் மாறிலி) முறையே 51, 40, −74 என்று மாறுகிறது. வலிமை எதிர்மறையாக இருக்கவே முடியாது என்பதால் −74-ஐப் பார்த்ததும் தரவையே தவறாக உள்ளிட்டுவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். தவறு ஏதும் இல்லை. இவற்றில் எதை ஆய்வறிக்கையில் எழுதுவது? அழுத்தத்துக்கு விளைவு உண்டா, இல்லையா? மினிடாப்பின்படி அதன் பி-மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் நிகழ்தகவு) 0.08, வகைக் காரணிகளாகக் கொடுத்த ஆர் கணிப்பின்படி 0.003.

மறுமொழி 1: எச்சம்

நான்கு எண்களுமே சரியானவை. நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். எந்தக் கெழுவைப் படிப்பதற்கு முன்பும் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தக் கணிப்பில் சுழியம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, ஓர் அலகு என்பது எவ்வளவு? இவை தெரியாமல் கெழுவை விளக்குவது, எந்த ஊரிலிருந்து எந்த அலகில் அளந்தது என்று தெரியாமல் தூரத்தைச் சொல்வது போன்றது.

முதலில் 4-ம் 2-ம். குறியிட்ட அலகில் தாழ்நிலையை −1 என்றும் உயர்நிலையை +1 என்றும் எழுதுகிறோம். சுழியம் இரண்டுக்கும் நடுவில், அதாவது 70 பாகை, 3 பார் என்ற இடத்தில் அமைகிறது. −1-லிருந்து +1-க்குப் போக இரண்டு அலகு கடக்க வேண்டும். கெழு ஓர் அலகுக்கான மாற்றத்தைச் சொல்கிறது. விளைவு அந்த இரண்டு அலகுக்குமான மாற்றத்தைச் சொல்கிறது. எனவே கெழு எப்போதும் விளைவில் பாதி. உங்கள் தரவில் வெப்பநிலையின் விளைவு 10, கெழு 5. அழுத்தத்தின் விளைவு 4, கெழு 2. இடைவினையின் (ஒரு காரணியின் விளைவு மற்றதன் நிலையைப் பொறுத்து மாறுவதன்) விளைவு −8, கெழு −4. வெட்டுத்துண்டு 51 என்பது 12 அளவீடுகளின் மொத்தச் சராசரி.

வலிமை = 51 + 5 வெ + 2 அ − 4 வெ·அ

குறியிட்ட வெப்பநிலையான வெ, குறியிட்ட அழுத்தமான அ இரண்டுக்கும் −1 இட்டால் 51 − 5 − 2 − 4 = 40 என்று உங்கள் முதல் சராசரியே திரும்பக் கிடைக்கும். மற்ற மூன்றையும் கையாலேயே போட்டுப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சியைச் செய்தவர்கள் கெழுக்களைக் கண்டு பிறகு அஞ்சுவதில்லை என்பது நான் பலமுறை கண்ட உண்மை.

அடுத்து 12. வகைக் காரணிகளாகக் கொடுத்தால் ஆர் மென்பொருள் இயல்பாகவே முதல் நிலையை 0 என்றும் அடுத்த நிலையை 1 என்றும் வைத்துக்கொள்கிறது. இங்கே சுழியம் நடுவில் இல்லை. 60 பாகை, 2 பார் என்ற மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வெட்டுத்துண்டு 40 என்பது அந்த மூலையின் சராசரி. அழுத்தத்தின் கெழு 12 என்பது வெப்பநிலை 60-இல் இருக்கும்போது மட்டும் அழுத்தத்தை 2-லிருந்து 4-க்கு உயர்த்தினால் கிடைக்கும் மாற்றம், அதாவது 52 − 40. இதை முதன்மை விளைவு (மற்றக் காரணியின் இரண்டு நிலைகளிலும் சராசரியாகக் காணும் விளைவு) என்று எழுதினால் தவறு. இது ஒரு நிலையில் மட்டும் காணும் தனி விளைவு. அதே கணிப்பில் இடைவினைக் கெழு −16 என்று வந்திருக்கும். அது குறியிட்ட அலகில் வரும் −4-இன் நான்கு மடங்கு, இடைவினை விளைவின் இரு மடங்கு.

30-க்கும் இதே காரணம்தான், ஆனால் இங்கே சுழியம் இன்னும் தொலைவில் போய்விட்டது. உண்மை அலகில் சமன்பாடு இப்படி வரும்.

வலிமை = −74 + 1.7 வெப்பநிலை + 30 அழுத்தம் − 0.4 வெப்பநிலை × அழுத்தம்

−74 என்பது சுழியப் பாகையில், அழுத்தமே இல்லாத நிலையில் இந்தச் சமன்பாடு கணிக்கும் வலிமை. 30 என்பது சுழியப் பாகையில் ஒரு பார் அழுத்தத்துக்கான சாய்வு. நீங்கள் சோதித்த இடம் 60-க்கும் 80-க்கும் இடையில் இருக்க, இந்த எண்கள் அங்கிருந்து அறுபது பாகை தள்ளி நின்று பேசுகின்றன. அங்கே பசை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உங்களிடம் ஒரு சான்றும் இல்லை. சமன்பாடு தவறில்லை, சோதித்த எல்லைக்குள் எந்த இடத்தில் மதிப்பிட்டாலும் மற்றச் சமன்பாடுகள் தரும் விடையையே தரும். தனிக் கெழுவைப் பிடுங்கி எடுத்து அதற்கு இயற்பியல் பொருள் சொல்வதுதான் தவறு. உண்மை அலகு தேவைப்பட்டால் நடுவைக் கழித்துவிட்டு எழுதுங்கள்: 51 + 0.5 (வெப்பநிலை − 70) + 2 (அழுத்தம் − 3) − 0.4 (வெப்பநிலை − 70)(அழுத்தம் − 3). இதில் 0.5 என்பது 3 பார் அழுத்தத்தில் ஒரு பாகைக்கு அரை நியூட்டன் என்று நேராகப் படிக்கலாம்.

ஆய்வறிக்கையைப் பொறுத்தவரை என் கருத்து இது. இடைவினை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது «அழுத்தத்தின் விளைவு» என்று ஒற்றை எண்ணை எழுதக் கூடாது. 60 பாகையில் அழுத்தம் +12 தருகிறது, 80 பாகையில் −4 தருகிறது. இவ்விரண்டின் சராசரிதான் 4. இந்த 4 எந்த வெப்பநிலையில் உண்மையாகிறது என்று பார்த்தால் நடுவிலுள்ள 70-இல் மட்டுமே, அதுவும் மாற்றம் நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொண்டால்தான். இரண்டு விளைவுகளின் வேறுபாட்டில் பாதியே இடைவினை: (−4 − 12) / 2 = −8. வெப்பநிலையின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் (2 − 18) / 2 = −8. எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒரே எண் வருவதால்தான் அதை இரண்டு காரணிகளுக்கும் பொதுவான இடைவினை என்கிறோம். உங்கள் சமன்பாட்டின்படி 75 பாகையில் அழுத்தத்துக்கு விளைவே இல்லை. 30 − 0.4 × 75 = 0. அழுத்தக் கருவியைப் பயன்படுத்துபவருக்கு 4 என்ற சராசரியைவிட இந்தச் செய்தி பயனுள்ளது.

மறுமொழி 2: செங்குத்து

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒரு சிறு சேர்ப்பு: ஆர் மென்பொருளில் கூட்டுத்தொகைக் குறியீட்டை, அதாவது −1, +1 முறையைத் தேர்ந்தெடுத்தால் முதல் நிலைக்கே +1 போய்ச் சேரும். அப்போது வெப்பநிலைக் கெழு −5 என்றும் அழுத்தக் கெழு −2 என்றும் வரும். குறி இரண்டு முறை மாறுவதால் இடைவினை மட்டும் −4 என்றே நிற்கும். சூடாக்கினால் வலிமை குறைகிறது என்று எழுதிவிடாதீர்கள். எந்த நிலைக்கு எந்தக் குறி என்பதை அறிக்கையின் முறையியல் பகுதியில் ஒரு வரியாவது எழுதுவது நல்லது.

பி-மதிப்புகள் ஏன் மாறுகின்றன என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. உங்கள் பிழையின் சராசரி வர்க்கம் (ஒரே சேர்க்கையின் அளவீடுகளுக்குள் உள்ள சிதறலின் அளவு) 12, கட்டின்மைக் கூறுகள் (12 அளவீடுகளிலிருந்து 4 சராசரிகளைக் கழித்தால் மிஞ்சுவது) 8. குறியிட்ட அலகில் ஒவ்வொரு கெழுவின் திட்டப்பிழையும் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) அந்த 12-ஐ அளவீடுகளின் எண்ணிக்கையான 12-ஆல் வகுத்ததன் வர்க்கமூலம், அதாவது 1. ஆகவே டி-மதிப்புகள் (கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தவை) 5, 2, −4. ஐந்து விழுக்காட்டு நிலையில் வேண்டிய அளவு 2.306 என்பதால் அழுத்தத்தின் முதன்மை விளைவு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 0, 1 குறியீட்டிலோ சோதிக்கப்படுவது வேறு: மும்மூன்று அளவீடுகள் கொண்ட இரண்டு சராசரிகளின் வேறுபாடான 12. அதன் திட்டப்பிழை 2.83, டி-மதிப்பு 4.24. இடைவினை மட்டும் இரண்டு கணிப்பிலும் −4 என்ற ஒரே டி-மதிப்பைத் தரும். சுழியத்தை எங்கே நகர்த்தினாலும் மாறாதது மிக உயர்ந்த படியிலுள்ள உறுப்பு மட்டுமே என்பதால்தான் விளக்கத்தை அங்கிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

நம்பிக்கை இடைவெளியாகவே, அதாவது உண்மை விளைவு இருக்கக்கூடிய எல்லையாகவே எழுதுங்கள். 95 விழுக்காட்டில், 60 பாகையில் அழுத்தத்தின் விளைவு 5.5 முதல் 18.5 வரை, 80 பாகையில் −10.5 முதல் 2.5 வரை. 60 பாகையில் அழுத்தம் உதவுகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. 80 பாகையில் அது கெடுக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. −4 என்ற எண்ணைப் பார்த்து அப்படிச் சொல்லிவிடக் கூடாது. «அழுத்தத்துக்கு விளைவில்லை, பி-மதிப்பு 0.08» என்று எழுதுவதோ இந்தச் சோதனையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பைப் புதைப்பதாகும்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையின் மூன்று அளவீடுகளும் தனித்தனியே ஒட்டிய மூன்று இணைப்புகளா, அல்லது ஒரே முறை ஒட்டிய தகட்டிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகளா? இரண்டாவது என்றால் நான் மேலே எழுதிய திட்டப்பிழைகள் எல்லாம் பொருளற்றவை. துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடு, ஒட்டும் முறைக்கு முறை வரும் வேறுபாட்டை அளப்பதில்லை.

பசையாய்வு (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 12 இணைப்புகளையும் தனித்தனியே தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் சூட்டடுப்பை ஆறவிட்டு மறுபடி வெப்பநிலைக்குக் கொண்டுவந்தேன். நான்கு சராசரிகளையும் சமன்பாட்டிலிருந்து கையால் மீட்டெடுத்துப் பார்த்தேன், சரியாக வருகிறது.

மூன்று ஐயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, மினிடாப் பட்டியலில் அழுத்தத்தின் விளைவு 4, திட்டப்பிழை 1 என்று ஒரே வரியில் இருக்கிறது. 4-ஐ 1-ஆல் வகுத்தால் டி-மதிப்பு 4 வரவேண்டுமே, ஏன் 2 என்கிறது? இரண்டு, 80 பாகை, 2 பாரில் கிடைத்த 53 மற்ற இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது, அதை நீக்கிவிடலாமா? மூன்று, அடுத்ததாக ஒட்டும் நேரத்தையும் (10, 30 நிமிடம்) சேர்க்க விரும்புகிறேன். எட்டுச் சேர்க்கைகளையும் செய்ய நேரமில்லாததால், நான்கு சேர்க்கைகளிலேயே மூன்று காரணிகளையும் அடக்கும் பாதிச் சோதனையைச் செய்யலாம் என்று ஒரு நண்பர் சொன்னார்.

மறுமொழி 3: செங்குத்து

முதல் ஐயத்துக்கு: அந்தத் திட்டப்பிழை கெழுவுக்குரியது, விளைவுக்குரியது அல்ல. பட்டியலின் தலைப்பிலேயே அது கெழுவின் திட்டப்பிழை என்றுதான் இருக்கும். விளைவின் திட்டப்பிழை அதன் இரு மடங்கு, அதாவது 2. எனவே 4-ஐ 2-ஆல் வகுத்தாலும் 2-ஐ 1-ஆல் வகுத்தாலும் டி-மதிப்பு 2-தான். விளைவை எழுதிவிட்டு அதன் பக்கத்தில் கெழுவின் திட்டப்பிழையை எழுதும் தவறு மிகப் பரவலானது. அப்படி எழுதினால் நம்பிக்கை இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடுகிறது. படிப்பவருக்கு ஐயமும் வராது.

53-ஐ நீக்க வேண்டாம். விலகி நிற்கிறது என்பது நீக்குவதற்குக் காரணமாகாது. அந்த ஒட்டலின்போது பசை சிந்தியது, கருவி நின்றுபோனது என்பன போன்ற குறிப்பு உங்கள் பதிவேட்டில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நீக்கினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 80 பாகையில் ஐந்து அளவீடுகள் மிஞ்சும், அவற்றின் நேர்ச் சராசரி 56.6. அதிலிருந்து 60 பாகையின் 46-ஐக் கழித்தால் 10.6. ஆனால் மீச்சிறு வர்க்க முறையில் பொருத்திய மாதிரியோ 60.5, 54 என்ற இரண்டு சேர்க்கைச் சராசரிகளுக்கும் சம எடை கொடுத்து 57.25 − 46 = 11.25 என்று சொல்லும், கெழு 5.625. எண்ணிக்கை சமமாக இருந்தவரை ஒன்றாகவே வந்த இரண்டு கணக்குகளும் ஒரே ஒரு அளவீடு போனதும் பிரிந்துவிடுகின்றன. கெழுக்களும் ஒன்றையொன்று சாராத தன்மையை இழக்கின்றன. பிறகு எந்த உறுப்பைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதைப் பொறுத்து மற்றக் கெழுக்களும் நகரும்.

மறுமொழி 4: நடுப்புள்ளி

மூன்றாவது ஐயத்துக்காகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த அறிவுரையை ஏற்று ஒரு பருவத்து உழைப்பை இழந்தவன் நான்.

நான்கு சேர்க்கைகளில் மூன்று காரணிகளை அடக்க வேண்டுமானால், நேரத்தின் குறியை வெப்பநிலைக் குறியையும் அழுத்தக் குறியையும் பெருக்கியே அமைக்க வேண்டும். அதாவது இடைவினைக்கு இருந்த நிரலையே (சோதனைப் பட்டியலில் +, − குறிகளின் பத்தியையே) நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் எண்களிலேயே இதைக் காட்டலாம். நேரத்துக்கு எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான்கு சராசரிகளும் இப்போதுள்ளபடியே 40, 58, 52, 54 என்றுதான் வரும். இந்த அமைப்பில் 40-ம் 54-ம் 30 நிமிட ஒட்டல்கள், 58-ம் 52-ம் 10 நிமிட ஒட்டல்கள். 30 நிமிடத்தின் சராசரி 47, 10 நிமிடத்தின் சராசரி 55. மென்பொருள் «நேரத்தின் விளைவு −8, கெழு −4» என்று தயங்காமல் அச்சிடும். நீங்களும் நீண்ட நேரம் ஒட்டினால் வலிமை குறைகிறது என்று எழுதுவீர்கள். அது நேரத்தின் விளைவே அல்ல, நீங்கள் ஏற்கெனவே கண்டறிந்த இடைவினை வேறொரு பெயரில் வந்து நிற்கிறது.

பாதிச் சோதனையில் கெழு ஒரு விளைவைச் சொல்வதில்லை. ஒன்றோடொன்று கலந்த விளைவுகளின் கூட்டுத்தொகையைச் சொல்கிறது. இங்கே நேரம் வெப்பநிலை-அழுத்த இடைவினையோடும், வெப்பநிலை அழுத்த-நேர இடைவினையோடும், அழுத்தம் வெப்பநிலை-நேர இடைவினையோடும் கலந்திருக்கும். மூன்று முறை அல்ல, முப்பது முறை திரும்பச் செய்தாலும் இந்தக் கலப்பு பிரியாது. திட்டப்பிழை மட்டும் சிறுக்கும், தவறான முடிவில் நம்பிக்கை பெருகும். காரணிகள் ஐந்து, ஆறு என்று கூடும்போது பகுதிச் சோதனைகள் மிகச் சிறந்த கருவிகள். முதன்மை விளைவுகள் இரட்டை இடைவினைகளோடு கலக்காதபடி அவற்றை அமைக்க முடியும். மூன்று காரணிகளை நான்கு சேர்க்கைகளில் அடக்கும்போது அதற்கு இடமில்லை. அதிலும் பெரிய இடைவினை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் தேர்ந்தெடுக்க எந்த நியாயமும் இல்லை.

எட்டுச் சேர்க்கைகளையும் இரண்டிரண்டு முறை செய்தால் 16 சோதனைகள். பிழையின் சராசரி வர்க்கம் இப்போதுபோல் 12-ஆகவே இருந்தால் ஒவ்வொரு விளைவின் திட்டப்பிழையும் 1.73-ஆக இருக்கும். இப்போதுள்ள 2-ஐவிடக் குறைவு, அதோடு புதிய காரணியும் அதன் இடைவினைகளும் தனித்தனியே கிடைக்கும். எல்லாச் சோதனைகளும் எல்லா விளைவுகளையும் மதிப்பிட உதவுகின்றன என்பதுதான் பல்காரணி முறையின் பெருஞ்சிறப்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷரும் யேட்ஸும் இந்த முறையை வளர்த்தெடுத்ததற்கும் இதுவே அடிப்படை.

அதற்கு நேரமே இல்லை என்றால், புதிய காரணியை ஒத்திவைத்து, நடுவில் 70 பாகை, 3 பாரில் நான்கு இணைப்புகளை மட்டும் ஒட்டிப் பாருங்கள். 75 பாகையில் அழுத்தத்துக்கு விளைவில்லை என்று எச்சம் அவர்கள் காட்டிய கணக்கு, இரண்டு நிலைகளுக்கும் இடையில் மாற்றம் நேர்கோட்டில் போகிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. நான்கு மூலைகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எடுகோளைச் சோதிக்க வழியில்லை. நடுவில் சமன்பாடு கணிப்பது 51. நான்கு புதிய அளவீடுகளின் சராசரிக்கும் இந்த 51-க்கும் உள்ள வேறுபாட்டின் திட்டப்பிழை, அதே பிழை அளவில், 2 ஆக இருக்கும். வேறுபாடு 6, 7 நியூட்டன் என்று வந்தால் வளைவு இருக்கிறது என்று பொருள். எந்தக் காரணியால் வளைகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு மூன்றாவது நிலை வேண்டும். ஆனால் கெழு 5-ஐ «பாகைக்கு அரை நியூட்டன்» என்று எழுதலாமா கூடாதா என்பதை முடிவுசெய்ய அந்த நான்கு இணைப்புகள் உதவும்.

பசையாய்வு (கேள்வி கேட்டவர்)

பாதிச் சோதனைக்கான பட்டியலை ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தேன்; நேரத்தின் நிரலை இடைவினை நிரலோடு ஒப்பிட்டேன், ஒரு குறிகூட வேறுபடவில்லை. அதைக் கைவிடுகிறேன். அறிக்கையில் நான்கு சராசரிகளையும், 60 பாகையிலும் 80 பாகையிலும் அழுத்தத்தின் விளைவைத் தனித்தனி நம்பிக்கை இடைவெளிகளோடும், இடைவினை −8-ஐ 2 என்ற திட்டப்பிழையோடும் எழுதுகிறேன். குறியீட்டு முறையை அட்டவணையின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டேன். 53 அப்படியே இருக்கும். நடுப்புள்ளிக்கான நான்கு இணைப்புகளை நாளை ஒட்டத் தொடங்குகிறேன். முறிவு விசை கிடைத்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.